ஆயில் பெயின்டிங்கில் கடற்கரை: கரையில் பழகுவதா, போட்டோவிலா, நகலெடுத்தா?

ஆயில் பெயின்டிங் பழக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் எந்தக் கம்பெனி வண்ணம் வாங்கலாம் என்பதைத்தான். கடற்கரைக் காட்சி தீட்ட வேண்டும் என்று ஆசை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு ஒன்று உண்டு. எதைப் பார்த்துப் பழகப் போகிறீர்கள்? நேராகக் கரையில் ஈசலை, அதாவது கான்வாஸைத் தாங்கும் சட்டத்தை, நிறுத்தலாம். செல்போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரலாம். கடலோவியத்தில் பேர் போன ஒருவரின் படத்தை நகலெடுக்கலாம். வாங்க வேண்டிய சாமான், போகும் நேரம், முதல் சில மாதங்களில் கைக்கு வருவது எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

சென்னையிலோ கிழக்குக் கரையில் வேறு ஊரிலோ இருந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருக்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அந்த ரகம்தான்.

கடலில் கஷ்டமானது அலையின் வடிவம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பழகுபவர்களின் படங்களைப் பார்த்தால் அவர்கள் இடறுவது டோனில்தான்: எது எவ்வளவு இருட்டு, எது எவ்வளவு வெளிச்சம் என்பதில். நுரை வெள்ளை என்று மனசு சொல்லும். நிழலில் இருக்கும் நுரையோ நீலம் கலந்த சாம்பல்; பக்கத்தில் வெயில் படும் மணலைவிட இருட்டாகவே இருக்கும். ஈர மணல் காய்ந்த மணலைவிட இருண்டது, ஆனால் தண்ணீர் இன்னும் வடியாத இடத்தில் வானத்தைக் காட்டும். எழும்பும் அலையின் மேல்பகுதி மெல்லியது. வெயில் பின்னாலிருந்து வந்தால் அதன் வழியே வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாகத் தெரியும், அடிப்பகுதி கறுத்துக் கிடக்கும். கரையோரத் தண்ணீர் மணல் கலங்கி வெளிறியிருக்கும். தொடுவானத்துக்குப் பக்கத்தில் அழுத்தமான ஒரு பட்டை ஓடும். இதையெல்லாம் பார்க்காமல் மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே மஞ்சள் என்று மூன்று பட்டை அடித்தால் அது காலண்டர் கடல்தான். ஆகவே எந்த வழி டோனைச் சீக்கிரம் கற்றுத் தருகிறது என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

போட்டோவைப் பார்த்து

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணமும் நியாயமானது. அலை நிற்கும். வெயில் இல்லை, காற்று இல்லை, தோளுக்குப் பின்னால் நின்று 'என்ன சார், வரையறீங்களா?' என்று கேட்க ஆளில்லை. பாதியில் எழுந்துபோய்க் குழம்பை இறக்கிவிட்டு வரலாம்.

ஆனால் நமக்கு எது தேவையோ அதில்தான் கேமரா பொய் சொல்கிறது. வெயிலில் எடுத்தால் நுரை மொத்தமும் வெளுத்துப்போகும். நுரையைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்தால் படகின் நிழல் கறுப்புத் திட்டாகிவிடும். புதிய போன்கள் இரண்டையும் சரிசெய்கிறேன் என்று நிழலை வெளுக்க வைத்து, வானத்தை இருட்டாக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அப்புறம் அந்த அகலமான லென்ஸ். கண்ணுக்கு ஆள் உயரத்துக்கு எழும்பிய அலை, படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். கொஞ்சம் ஜூம் செய்து எடுத்தால் இது ஓரளவு சரியாகும். இன்னொன்று, ஷட்டர் உறைய வைக்கும் தண்ணீர்த் துளிகளை நம் கண் அப்படி ஒருநாளும் பார்ப்பதில்லை. அதை அப்படியே தீட்டினால் அலை கண்ணாடியால் செய்ததுபோல் நிற்கும்.

போட்டோவைவிட வீடியோ எவ்வளவோ மேல். ஒரே அலை எழுவது, வளைவது, உடைவது, நுரை பின்வாங்குவது எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உடைந்த பின் மிஞ்சும் நுரை வலை தூரம் போகப்போக எப்படித் தட்டையாகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது ஸ்லோ மோஷனில்தான். வடிவத்துக்கு வீடியோவை நம்பலாம். வண்ணத்துக்கும் டோனுக்கும் கூடாது.

கரையில் நின்று

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் எழுதிய ஆலோசனைகளை நம் கடற்கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

முதல் வித்தியாசம் சூரியன். வெயில் மாறுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று அந்தப் புத்தகங்களில் இருக்கும். பிரான்சின் நார்மண்டியிலோ இங்கிலாந்திலோ சூரியன் சாய்வாக ஏறுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் மணிக்குப் பத்து டிகிரிகூட ஏறாது. சென்னையில் அதே மாதங்களில் மணிக்கு 14 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக. காலை ஆறரைக்குத் தண்ணீரில் விழுந்த அந்த வெள்ளிப் பாதை ஏழேகாலுக்கு வேறு கடலாகிவிடும். ஆகவே இங்கே ஒரு படத்துக்கு அரை மணி, போனால் நாற்பது நிமிடம். நார்மண்டிக் கடற்கரை ஊரான எத்ரெத்தாவில் பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரே காட்சிக்கு ஐந்தாறு கான்வாஸ் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறக் கான்வாஸையும் மாற்றினார்; அவற்றைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் பின்னால் நடந்ததை எழுத்தாளர் மோப்பசான் எழுதியிருக்கிறார். நமக்குப் பிள்ளைகள் வேண்டாம், சின்ன அட்டைகள் போதும்.

இரண்டாவது, திசை. நம் கரை கிழக்கே பார்க்கிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரில். படகுகள், ஆட்கள் எல்லாம் இருண்ட வடிவங்களாகத் தெரியும், தண்ணீர் மினுங்கும், வண்ணம் மிகக் குறைவு. இதைப் பார்த்துப் பலர் 'கலரே இல்லையே' என்று மாலைக்குப் போய்விடுகிறார்கள். பழகுபவருக்குக் காலைதான் நல்லது. மூன்று நான்கு டோனில் மொத்தக் காட்சியும் அடங்கிவிடும். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவு மண்டபத்தைக் காலை ஆறரைக்கு ரோட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளைக் கட்டடம், ஆனால் உங்களைப் பார்க்கும் பக்கம் முழுக்க நிழலில் இருப்பதால், பின்னால் தெரியும் வானத்தைவிடவும் தண்ணீரைவிடவும் இருட்டாக இருக்கும். 'வெள்ளை' என்று தெரிந்த ஒன்றைச் சாம்பலும் நீலமும் கலந்து தீட்ட மனசை வளைப்பதுதான் பயிற்சி. இதே பாடம் எந்தப் போட்டோவிலும் இவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் மண்டபம் பளிச்சென்று இருக்கும், கடல் கருநீலமாக இருக்கும். அது அடுத்த வகுப்பு.

மூன்றாவது, காற்று. வெயில் காலத்தில் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும். பெரிய கான்வாஸ் பாய்மரமாகிவிடும். ஈசலின் நடுவே ஒரு துணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டு அங்கேயே மணலை அள்ளி நிரப்பினால் நிற்கும். மணல் வண்ணத்தில் ஒட்டத்தான் செய்யும். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் மோனேயின் 1870 ட்ரூவில் கடற்கரைப் படத்தில் இன்னும் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஆகவே வருத்தப்பட வேண்டாம்.

நமக்கு ஒரு கவலை குறைவு. 1885 நவம்பரில் எத்ரெத்தாவில் மோனே, தண்ணீர் வடிகிறது என்று நினைத்துப் பாறையடியில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பேரலை அவரைப் பாறையில் அடித்து இழுத்தது. ஈசல், கான்வாஸ், வண்ணம் கலக்கும் பாலெட் எல்லாம் போயின, தாடியெல்லாம் வண்ணம். அந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஏழெட்டு மீட்டர். சென்னையில் அதிகபட்சமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் எந்த அலையை எங்கே ஏற்றும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் தள்ளியே நில்லுங்கள்.

இடம் தேர்வும் முக்கியம். மெரினா கூட்டத்துக்கு நடுவே பழகுவது பொறுமைசாலிகளுக்கு. கோவளத்தில் மீன்பிடிப் படகுகள் கரையேறி நிற்கும். படகின் நிழல், ஈர மணல், தூரத்துக் கடல் என்று டோன் வரிசை தயாராகக் கிடைக்கும். மாமல்லபுரக் கரைக்கோயிலைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம் என்பேன். கோபுரத்தின் அளவும் அடுக்கும் சரியாக வர வேண்டும் என்ற கவலையிலேயே அரை மணி போய்விடும், கடலைப் பார்க்க நேரம் இருக்காது. அதிகாலையில் தனியாகப் போகத் தயங்குபவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு துணையோடு போவதே நல்லது. தீட்டும்போது சுற்றிலும் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

கரையில் பழகுவதன் குறை என்ன? படம் அழகாக வராது. வீட்டில் மாட்ட ஒன்றும் தேறாது. முதல் சில மாதங்களில் கிடைப்பதெல்லாம் கையளவு அட்டைகள். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் இந்த வழியில் நீடிப்பதில்லை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1824 முதல் இங்கிலாந்துக் கடற்கரை ஊரான பிரைட்டனில் தீட்டிய கடல் குறிப்புகளும் சின்னவைதான். கடல்மேல் மழை கொட்டுவதைத் தீட்டிய அந்தப் பேர் பெற்ற படம் ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு. வானம், மழைக்கோடு, கடல், அவ்வளவுதான். அதில் கிடைக்கும் வேகம் அவருடைய பெரிய படங்களில் எனக்குக் கிடைப்பதில்லை.

நகலெடுத்து

நகல் என்றாலே நம்மிடையே ஒரு இளப்பம் இருக்கிறது. தேவையில்லாதது. கரை உங்களுக்கு டோனைச் சொல்லும்; அந்த டோனை எந்த பிரஷ்ஷால், எவ்வளவு கனமாக, எந்தத் திசையில் வைப்பது என்று சொல்லாது. அதைச் சொல்பவர்கள் ஏற்கெனவே தீட்டியவர்கள்.

முழுப் படத்தை நகலெடுக்க வேண்டாம், ஒரு துண்டு போதும். என் பரிந்துரை அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். 1883 முதல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறைக்கரையில் வாழ்ந்தவர். 1895இல் தொடங்கிப் பிறகு திருத்திய 'நார்த்ஈஸ்டர்' நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பாறையில் மோதி எழும் நுரைத் திரளில் தூய வெள்ளை எவ்வளவு குறைவு என்று பாருங்கள். சாம்பல், பச்சை கலந்த சாம்பல், கடைசியில் சில இடங்களில் மட்டும் கெட்டியான வெள்ளை. ஒரு சாண் அளவுக்கு அந்த அலையை மட்டும் நகலெடுத்தால், நுரையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது கைக்கு ஏறிவிடும்.

குறை என்னவென்றால் அது மெய்ன் கடல். குளிர்ந்த வடக்கு வெளிச்சம், கறுத்த பாறை. அதன் வண்ணத்தைக் கோவளத்துக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு, நினைவிலிருந்து தீட்டுவது. கருங்கடல் கரையில் ஃபியோடோசியாவில் பிறந்து வாழ்ந்த கடலோவியர் ஐவசோவ்ஸ்கி அப்படித்தான் தீட்டினார். மின்னலையும் அலையின் பாய்ச்சலையும் நேரில் பார்த்துத் தீட்டவே முடியாது, பார்த்து மனதில் பதிய வைத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தீட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. 1850இல் தீட்டிய 'ஒன்பதாம் அலை' மூன்று மீட்டருக்கு மேல் அகலம். ஆனால் அவர் சுமார் 6000 படங்கள் தீட்டியவர், கடலைப் பார்த்தபடியே வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஓவியருக்கு இது வழி என்று சொல்ல மாட்டேன். கரையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சிலில் போட்டுப் பார்க்கும் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைவாகப் பார்த்தோம் என்று உடனே தெரியும்.

சரி, எது?

ஞாயிறு காலை கரையில் சின்ன அட்டை; வார நாள் இரவில் முடிந்தபோது நகல்; போன் வீடியோவுக்கு மட்டும். முதல் நான்கைந்து மாதங்களுக்கு நான் சொல்வது இதுதான். மூன்றையும் சம அளவில் கலந்து செய்ய வேண்டாம், கரைக்கே பெரிய பங்கு. போட்டோவில் தொடங்கிப் பிறகு கரைக்குப் போகலாம் என்பவர்கள் பெரும்பாலும் போவதில்லை. வீட்டில் படம் அழகாக வந்துகொண்டிருக்கும்போது கரையில் அசிங்கமாக வருவதை யாருக்குத்தான் பிடிக்கும்? கரையில் தொடங்கியவருக்கு எந்தப் போட்டோவையும் சந்தேகத்தோடு பார்க்கும் கண் வந்துவிடும்.

இந்த முடிவு ஆனபின் சாமான் தேர்வு எளிது. கரைக்கு ஐந்து டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் ப்ளூ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, விரிடியன். அல்ட்ராமரினும் ஆக்கரும் வெள்ளையும் கலந்தாலே நம் கரையோரக் கலங்கல் தண்ணீரின் சாம்பல் பச்சை வந்துவிடும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் படகின் நிழல். கறுப்பு வேண்டாம். தாலோ ப்ளூவும் வேண்டாம். ஒரு பொட்டு போதும், பாலெட், பிரஷ், சட்டை எல்லாம் நீலம். கேமல் கம்பெனியில் மாணவர் தரம், ஓவியர் தரம் இரண்டும் கிடைக்கும். வெள்ளையை மட்டும் ஓவியர் தரத்தில் பெரிய டியூபாக வாங்குங்கள், கடலுக்கு வெள்ளைதான் தீர்ந்துகொண்டே இருக்கும்.

சாதாரண ஆயிலா, தண்ணீரில் கரையும் ஆயிலா என்பது அடுத்த கேள்வி. தண்ணீரில் கரையும் ஆயில், வின்சர் அண்ட் நியூட்டனின் ஆர்ட்டிசன் போன்றவை, எண்ணெய் வண்ணமேதான். எண்ணெயைத் தண்ணீரோடு சேரும்படி மாற்றியிருக்கிறார்கள். காய்வதும் மற்ற ஆயில் போலக் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான், நாள் கணக்கில். தண்ணீர் அதிகம் சேர்த்தால் வண்ணம் பால்போல் மங்கும், கொஞ்சம் பிசுபிசுக்கும். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனோடு சாதாரண ஆயில் வழுக்கிக்கொண்டு போகும் சுகம் இதில் இல்லை. ஆனால் சின்ன ஃபிளாட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், டர்பன்டைன் வாடையே பெரிய பிரச்சினை. வெளியூருக்கு ரயிலில் போவதென்றால், தீப்பற்றும் பொருள் என்பதால் டர்பன்டைனைக் கொண்டுபோகவே கூடாது. இந்த இரண்டு நிலைமையில் இருப்பவர்கள் யோசிக்காமல் தண்ணீர் ஆயிலுக்குப் போகலாம். மற்றவர்களுக்குச் சாதாரண ஆயில்.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த பிரஷ் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், அல்லது விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

ஒரே உட்காரலில் முடிப்பதா, அடுக்கடுக்காகத் தீட்டுவதா என்பதற்கு இடமே பதில் சொல்லிவிடும். கரையில் ஒரே உட்காரல்தான். வீட்டில் அடுக்கு. ஞாயிறு மட்டும் கிடைப்பவருக்கு அடுக்கு முறை தோதானதும்கூட. மெல்லிய முதல் பூச்சு அடுத்த ஞாயிறுக்குள் பெரும்பாலும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும். முதல் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விழும். அலையின் மேல்பகுதியில் ஊடுருவும் அந்தப் பச்சையை, காய்ந்த வெளிர் வண்ணத்தின் மேல் எண்ணெய் கலந்த விரிடியனை மெல்லிதாகப் பூசினால் பிடிக்கலாம். ஈரத்தின் மேல் ஈரமாகக் கரையில் அதைச் செய்ய முயன்றால் சேறாகிவிடும்.

ஆசிரியரா, யூடியூபா? தினமும் கடலைத் தீட்டும் ஒருவர் உங்களோடு கரைக்கு வருவார் என்றால் ஆசிரியர். வகுப்பறையில் பிரிண்ட் எடுத்த கடலைக் கொடுத்துத் தீட்டச் சொல்வார் என்றால் யூடியூபே போதும்.

கடலே பக்கத்தில் இல்லாத கோவை, மதுரை, சேலத்துக்காரர்கள் என்ன செய்வது? வருடத்தில் இரண்டு பயணம் போதும், ஆனால் ராமேஸ்வரம் மாதிரி ஓர் ஊருக்குப் போங்கள். அக்னி தீர்த்தத்துப் பக்கம் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும், அலை உடையும் சிக்கல் இல்லாமல் தண்ணீரின் டோனை மட்டும் பழகலாம். அங்கிருந்து தனுஷ்கோடி போனால் ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை, மறு பக்கம் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா. ஒரே காலையில் இரண்டு கடல். காலை வெளிச்சத்தில் சில அட்டைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் நேரமும் எந்த வண்ணத்தை எதோடு கலந்தீர்கள் என்ற குறிப்பும், கூடவே இரண்டு மூன்று வீடியோ. ஊருக்கு வந்து பெரிய கான்வாஸ் தொடங்க இவ்வளவு போதும். ஈர அட்டைகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்து, ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். ரயிலில் ஒட்டிக்கொள்ளாமல் வந்து சேரும்.